‘ருசி தெரியாது’ என்று விடை சொன்னவர்க்கு

வாடைக்காற்று வாசலை மோத, வடகடற்பனி சன்னலை மூட, சப்பானின் ஆகிதாக் கரையோர மருத்துவமனையின் ‘வடக்கு மூன்று’ என்னும் குடிநோய்ப் பிரிவில், நாற்பத்தோர் ஆண்டுகள் நடுங்குங் கைகளைத் தம் கைகளாற் பற்றி நிறுத்திய தலைமைச் செவிலியர், அம்மையார் ஒனோதெரா சதாயோ அவர்களே!

உளறுவோர் உரையையும் உறங்காது கேட்ட செவியே! வியர்வையும் வாந்தியும் துடைத்துத் துடைத்து வெளுத்த விரல்களே! பொய்யென்று பிறர் புறந்தள்ளிய சொல்லையும் பொறுமையோடு குறித்துக்கொண்ட எழுதுகோலே!

இவ்வளவுக்கே தாங்கள் இருக்கையை விட்டு எழ முற்படுவீர்கள் என்பதை அறிவோம். முகத்துக்கு நேரே எவரேனும் புகழத் தொடங்கினால், “துண்டு மடிக்கணும், வேலை கெடக்கு” என்று புறப்பட்டுவிடுவது தங்கள் வழக்கம். ஆதலால், தாங்கள் பணி ஓய்வு பெறும் மார்ச்சுத் திங்களின் இவ்விறுதி நாளில், தங்களை எதிரே இருத்திக்கொண்டே, இங்கில்லாத ஒருவரைப்பற்றிக் கதை சொல்வதுபோல இம்மடலை வாசிக்கின்றோம். முடியும்வரை அமர்ந்திருக்க வேண்டுகின்றோம்.

மடல் எழுதவிருக்கும் செய்தியை நாங்கள் சொல்லச் சென்றபோது, அம்மையார் மருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமலே விடையளித்தார்.

“எழுதறதுன்னா தொகாஷியப் பத்தி எழுதுங்க. அது இல்லாம எழுதறதா இருந்தா ஒரு வரிகூட வேண்டாம். பொய்யச் சட்டம் போட்டு சுவத்துல மாட்டிட்டு நான் என்ன பண்ண?”

“பாராட்டு மடல்ல போய் யாராவது அத எழுதுவாங்களா, சிஸ்டர்?”

“அப்போ பாராட்டாதீங்க.”

பாராட்டாதிருக்க எங்களால் இயலவில்லை. எனவே எழுதினோம்.

சதாயோ அம்மையார் இப்பிரிவில் அடியெடுத்து வைத்தபோது அவர்க்கு அகவை இருபத்திரண்டு. அந்நாளில் சன்னல்களுக்குக் கம்பி உண்டு. கதவுகளுக்குப் பூட்டு உண்டு. பூட்டின் திறவுகோல் செவிலியர் இடுப்பில் உண்டு. குடிநோய்க்கு மருத்துவம் என்று இங்கு அளிக்கப்பட்டவை சிலவே. முதற்கிழமை முழுவதும் உடலிலிருந்து மதுவை இறக்கும் காலம். மது நின்ற உடல் நடுங்கும், வியர்க்கும். சுவரில் இல்லாத எறும்புகளைக் கண்டு கையால் தட்டும். அதற்கு அமைதிமருந்தும், நரம்புவழி ஏற்றும் உயிர்ச்சத்தும், படுக்கையருகே விழித்திருக்கும் ஓர் ஆளும் வேண்டும். அதன்பின் மூன்று திங்கள் வகுப்பும், நடையும், வட்டமாய் அமர்ந்து பேசும் குழுவும். வெளியே சென்றபின் மதுவிலக்குச் சங்கம். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து தம் பெயரைச் சொல்லித் தாம் குடித்துக் கெடுத்த கதையைச் சொல்வர். ஏனையோர் இடைமறியாது கேட்பர். ஓராண்டு முழுதும் குடியாதிருந்தவர்க்குத் தூரிகையால் எழுதிய பட்டயம் ஒன்று உண்டு.

இவற்றோடு நீர்மருந்து ஒன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. அதைப் பருகியவர் பின்னர் மதுவைத் தொட்டால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். அவ்வச்சத்தால் மதுவை விலகச் செய்வதே அம்மருந்தின் தொழில். அறிந்து பருகுவோர்க்கு அது வேலி. அறியாது பருகுவோர்க்கு அது கண்ணி. இவ்வேறுபாட்டை எங்கள் கடற்கரை ஊர்கள் அந்நாளில் அறிந்தும் அறியாதனபோல் இருந்தன. காலை மிசோ சூப்பில், கணவன் முகங்கழுவச் சென்ற வேளையில், மனைவியர் சிலர் அம்மருந்தைச் சொட்டுவிடுவதுண்டு என்பது பெண்கள் தமக்குள் பேசிக்கொண்ட இரகசியம்.

இளஞ்செவிலியாக வந்த சதாயோவுக்கு முதல்நாளே கற்பிக்கப்பட்ட பாடம் ஒன்று உண்டு. அக்காலத் தலைமைச் செவிலியர் சொன்னது அது: “இவங்க ‘நான் குடிக்கல’ன்னு சொன்னா, குடிச்சியான்னு கேக்காத. எவ்வளவு குடிச்சேன்னு கேளு.” இப்பாடத்தை அவர் நன்கு கற்றார். இங்கு நாங்கள் அனைவருமே நன்கு கற்றோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை அப்பாடம் பலித்தது. எஞ்சிய பத்தில் ஒன்றே இக்கதை.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், துறைமுகத் தெருவில் முடிதிருத்தகம் வைத்திருந்த தொகாஷி எய்சாகு என்பவர் இப்பிரிவில் சேர்க்கப்பட்டார். சவரக்கத்தி பிடிக்கும் கை காலையிலேயே ஆடத் தொடங்கி, மீன் ஏலக்கடை எழுத்தர் ஒருவரின் காதுமடலைக் கிழித்துவிட்டது. ஊர் அறிந்த காயம் அஃது ஒன்றே. ஊர் அறியாத காயங்கள் அவர் மனைவி கினுயேயின் உடலில் இருந்தன. இடத்தோள் எலும்பு முறிந்து கோணலாய்ப் பொருந்தியிருந்ததால், அவர் தட்டைத் தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தே தூக்குவார்.

எய்சாகு வாய்த்துடுக்கு மிக்கவர். நடுக்கம் தணிந்த மறுநாளே, “சிஸ்டர், இந்த வார்டுல எல்லாருக்கும் கை ஆடுது. என்னை மட்டும் கத்தியத் தொடாதேன்னா என்ன நியாயம்? ஒரே ஆட்டத்துல ஆடினா சரியா வெட்டும்!” என்று சதாயோவைச் சிரிக்கவைத்தார். மூன்று திங்களும் குழுவில் ஒழுங்காய் அமர்ந்தார். வீடு திரும்பும் நாளில், மருத்துவர் உசாமி நீர்மருந்துக்குச் சீட்டு எழுதக் கையெடுத்தபோது மட்டும் தடுத்தார்.

“அது வேண்டாம், டாக்டர். பயந்துகிட்டு நிறுத்தினா அது நிறுத்தினதாகுமா? நாயச் சங்கிலில கட்டிட்டு, ‘நல்ல நாய், யாரையும் கடிக்காது’ன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“சங்கிலி அறுந்தா?”

“கடிச்சா இங்கயே வந்து படுத்துக்கறேன். இடம் வெச்சிருங்க.”

உசாமி ஒப்பினார். எய்சாகு கடைக்குத் திரும்பி, சுவர்க்கண்ணாடியின் மூலையில் சவர்க்காரத்தால் ‘ஒன்று’ என்று எழுதினார். மறுநாள் அதைத் துடைத்து ‘இரண்டு’ என்று எழுதினார்.

ஐந்தாம் நாள் கினுயே தனியே வந்தார். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த சதாயோவின் அருகே நின்று, தாமும் ஒரு துண்டை எடுத்து மடித்தார். பிறகு கேட்டார்.

“சிஸ்டர், அந்த மருந்து வீட்டுக்குக் கொஞ்சம் கெடைக்குமா?”

“அவர்தான் வேண்டாம்னுட்டாரேம்மா.”

“அவருக்கு வேண்டாம். அவர் குடிச்சா அடி வாங்கறது அவர் இல்லையே.”

சதாயோ மடித்த துண்டையே மீண்டும் பிரித்து மடித்தார்.

“அதுக்கு ருசி தெரியுமா, சிஸ்டர்?”

அவ்வினாவின் பொருள் சதாயோவுக்கு விளங்கிற்று. விளங்காததுபோல் நடிக்கவும் அவர் முயன்றார் அல்லர். அந்தக் கோணல் தோளைப் பார்த்தார். “தெரியாது” என்றார். அவ்வொரு சொல்லே அவர் சொன்னது. எய்சாகுவின் பெயரால் உசாமி சீட்டில் கையொப்பமிட்டார். யார் பருகப் போகிறார், அறிந்தா அறியாமலா என்று கேட்டார் அல்லர். திங்கள்தோறும் ஆப்பிள் பையின் அடியில் புட்டி ஒன்று துறைமுகத் தெருவுக்குச் சென்றது. கொடுத்த கை சதாயோவின் கை.

இரக்கத்தாற் செய்தார் என்று எழுதலாமா என அவரிடமே கேட்டோம். “இரக்கம்னு எழுதிக்குங்க. ஆனா தப்பு இல்லன்னு எழுதிடாதீங்க” என்றார். அவ்வாறே எழுதியுள்ளோம்.

எய்சாகு குடிக்கவில்லை. அச்சத்தால் அன்று, அஞ்சுவதற்கு ஏதும் உண்டென்றே அவர் அறியார். கண்ணாடியில் எண் வளர்ந்தது. நூறு கண்டது, இருநூறு கண்டது. காது கிழிபட்ட ஏலக்கடை எழுத்தரே மீண்டும் வந்து கழுத்தை நீட்டி அமர்ந்தார். “இந்தத் தடவை இன்னொரு காதா?” என்று எய்சாகு கேட்டதாகவும், எழுத்தர் சிரித்து அசைந்தும் கத்தி பிசகவில்லை என்றும் சங்கக் கூட்டத்தில் சொல்லி மகிழ்ந்தனர். சங்கத் தலைவரான மிதிவண்டிக் கடைக் காமாதா, பட்டயத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்.

முந்நூற்று ஐம்பத்து நான்காம் நாள், எய்சாகுவின் மறைந்த தமையனுக்கு நினைவுச் சடங்கு நடைபெற்றது. துறவியார் ஓதி முடித்தபின் வரிசையாய் உணவுத்தட்டுகள் வந்தன. எய்சாகு தம் மதுக்கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். உறவினர் விடுவார்களா?

“என்னடா எய்சாகு, நீயும் மொட்டை போட்டுக்கப் போறியா? ஒரு வாய் ஊத்திக்கிட்டா ஒங்கண்ணன் எழுந்து வந்தா திட்டப் போறான்?”

“எழுந்து வந்தா மொதல்ல அவனுக்கு முடிவெட்டணும். போறப்போ தலை காடு மாதிரி இருந்துச்சு.”

சிரிப்பொலி அடங்குமுன், சோற்றோடு வைத்திருந்த ஊறுகாயில் இரண்டு வில்லைகளை எடுத்து உண்டார். அரிசி மது வடித்த கசட்டில் ஈராண்டு ஊறிய காய் அது. நீர்மருந்து பருகுவோர் அதைத் தொடலாகாது என்று இப்பிரிவின் சுவரிலேயே எழுதியிருக்கும். தாம் அம்மருந்தைப் பருகுவதில்லை என்று நம்பியிருந்த எய்சாகுவுக்கு அஃது எவ்வகையிலும் தடையில்லை. கால்மணியில் அவர் முகம் வெந்த நண்டுபோற் சிவந்தது. நெஞ்சைப் பிடித்துத் தட்டின்மேலேயே சரிந்தார்.

“போச்சுடா! ஆரம்பிச்சுட்டான்” என்றார் ஒருவர். “கிண்ணத்தக் கவுத்து வெச்சுட்டு, கழிவறைல போய் அடிச்சிருக்கான் பாரு” என்றார் மற்றொருவர்.

இங்கே கொண்டுவரப்பட்டார். மூச்சில் மதுவை அளக்கும் கருவி சிறிதளவு காட்டியது. ஊறுகாயின் மது அது என்று உசாமி எண்ணவில்லை. எய்சாகு மூச்சிரைத்தபடியே சொன்னார்: “நான் குடிக்கல.” உசாமி வருத்தத்தோடு புன்னகைத்தார். செவிலியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். முதல்நாட் பாடம் எல்லார்க்கும் நினைவிருந்தது.

நரம்பில் ஊசி செருகிய சதாயோவின் கையை எய்சாகு பற்றினார்.

“சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. ஒங்ககிட்ட நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?”

“இப்ப அதெல்லாம் பேச வேண்டாம். ஓய்வெடுங்க” என்றார் சதாயோ.

சூப்பில் விழும் சொட்டையும், சடங்குத் தட்டில் அவ்வூறுகாய் இருக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அந்த அறையில் அவர் ஒருவரே அறிந்திருந்தார். அடுத்த ஏப்ரலில் துணைத்தலைமைப் பதவி அவர்க்கு உறுதியாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் கினுயே என்னாவார் என்று எண்ணினார். தாம் என்னாவோம் என்றும் எண்ணினார். எதை முதலில் எண்ணினார் என்பதை இன்றளவும் தம்மால் துணிந்து சொல்ல இயலவில்லை என்று எங்களிடம் கூறினார்.

மறுநாள் வீடு திரும்பிய எய்சாகுவைக் காணக் காமாதா சென்றார். அன்பினாலேயே சென்றார்.

“பரவாயில்லப்பா. விழாதவன் எவன் இருக்கான்? நான் மூணு தடவை விழுந்தவன். இன்னிலேர்ந்து ஒண்ணுன்னு எண்ணு.”

“நான் எதுக்கு ஒண்ணுலேர்ந்து எண்ணணும்? நான் முன்னூத்து அம்பத்தஞ்சுல இருக்கேன்.”

“எய்சாகு, நானும் இதையேதான் சொன்னேன். இதே மொகத்தோட.”

“நீங்க பொய் சொன்னீங்க. நான் சொல்லல.”

“அதையும் சொன்னேன்.”

காமாதா சங்கப் பேரேட்டில், முந்நூற்று ஐம்பத்து மூன்று என்பதோடு ஒரு கோடிழுத்து, கீழே ஒன்று என்று எழுதினார். கடைக்கண்ணாடியிலோ முந்நூற்று ஐம்பத்தைந்து, முந்நூற்று ஐம்பத்தாறு என்று எண் வளர்ந்துகொண்டே போயிற்று. வாடிக்கையாளர் வருகை குறைந்தது. வந்த ஓரிருவரும் முகச்சவரம் வேண்டாம், முடிமட்டும் போதும் என்றனர். ஏலக்கடை எழுத்தர் எதிர்ப்புற நடைபாதையிற் போனார். எய்சாகு இருமுறை இப்பிரிவுக்குத் தொலைபேசினார். இருமுறையும் சதாயோவைக் கேட்டார். இருமுறையும் சதாயோ, தாம் வேலையாய் இருப்பதாகச் சொல்லச் செய்தார்.

ஒன்பதாம் நாள் காலை, எய்சாகு கண்ணாடியில் முந்நூற்று அறுபத்து மூன்று என்று எழுதினார். ஓராண்டுக்கு இன்னும் இரண்டே நாள். நண்பகல்வரை எவரும் வரவில்லை. தெருமுனைத் தானியங்கி விற்பனைப் பெட்டியில் குவளை மது மூன்று வாங்கிவந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் தாமே சாய்ந்து அமர்ந்து குடித்தார். அன்று காலைச் சூப்பிலும் சொட்டு விழுந்திருந்தது. கினுயே சந்தையிலிருந்து திரும்பியபோது, அவர் அந்நாற்காலியிலேயே இறந்திருந்தார். கண்ணாடியில் எண் அழியாமல் இருந்தது.

சதாயோ அப்போதும் வாய் திறந்தார் அல்லர். இதை அவரே எழுதச் சொன்னார். மூன்று நாள் வேலை பார்த்தார்; துண்டு மடித்தார்; மருந்து ஊற்றினார். நான்காம் நாள், இறுதிச்சடங்கு முடிந்து தொகாஷி வீட்டிலிருந்து அனைவரும் கலைகையில், கினுயே வந்து இடுப்பு வளைய வணங்கி, “அவர எவ்வளவோ நல்லாப் பாத்துக்கிட்டீங்க, சிஸ்டர். ரொம்ப நன்றி” என்றார். அந்த நன்றியை அவரால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் கினுயேயை அழைத்துச் சென்றார்.

“அவர் அன்னிக்குக் குடிக்கலம்மா. ஊறுகாய்தான். சூப்புல இருந்த மருந்தும் ஊறுகாயும்தான். எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல.”

கினுயே நீர்த்தொட்டியின் குழாயை இறுக மூடினார்.

“எனக்கும் தெரியும், சிஸ்டர். நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். கிண்ணத்தக் கவுத்து வெச்சது, ரெண்டு வில்லை எடுத்தது, எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“அப்புறம் ஏம்மா…”

“சொன்னா சூப்பப் பத்தி சொல்லணும். சொன்னா என்ன ஆகும்னு என் தோளுக்குத் தெரியும். ஒரு வருஷமா கை ஓங்கல அவர். அது அவராலயா, மருந்தாலயான்னு எனக்குத் தெரியல. நிறுத்திப் பாக்கவும் பயம். நிறுத்தாம இருக்கவும் பயம். காலையில கை தானாப் போயிடும் அந்தப் புட்டிக்கு.” பிறகு, குரலில் சினம் ஏதும் இல்லாமல் சொன்னார்: “அவர் சொன்னது நெசம்னு தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ரெண்டே பேர். ரெண்டு பேரும் பேசல.”

அன்று மாலையே சதாயோ மருத்துவமனை நிருவாகத்துக்குத் தம் கையால் அறிக்கை எழுதத் தொடங்கினார். உசாமி வந்து மேசையருகே நின்றார்.

“சீட்டுல கையெழுத்து என்னோடது. நீ எழுதினா நானும்தான் போவேன். செத்தவன் திரும்பி வரப் போறானா?”

“ஒங்க பேர நீங்க எழுதிக்குங்க, டாக்டர். நான் என் பேர மட்டும் எழுதறேன்.”

உசாமி எழுதவில்லை, வசந்தத்தில் வேறூருக்கு மாற்றம் பெற்றுச் சென்றார். சதாயோவுக்கு ஆறு திங்கள் பணியிடை நீக்கமும், கைக்கெட்டிய பதவியின் இழப்பும் கிட்டின. காவல்துறையினர் வந்து கேட்டனர், எழுதினர், நோயால் நேர்ந்த மரணம் என்று முடித்தனர். அம்முடிவு தமக்கு விடுதலையாகத் தோன்றவே இல்லை என்பார் அம்மையார்.

அறிக்கைக்குப் பிந்திய முதல் சங்கக் கூட்டத்தில், கினுயே அருகிருக்க, சதாயோ எழுந்து நின்றார். அங்கு எழுந்து பேசுவோர் சொல்வதுபோலவே பெயரைச் சொல்லித் தொடங்கினார். ‘தெரியாது’ என்ற சொல்லில் ஆரம்பித்து நாற்காலியில் முடித்தார். சங்க வழக்கப்படி எவரும் இடைமறிக்கவில்லை. முடிந்தபின் காமாதா முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். அன்பாற் சென்று, மெய் சொன்னவனைப் பொய்யனாக்கித் திரும்பியவர் அவர்.

பட்டயத்தை எய்சாகுவின் பெயரால் வழங்கலாமே என்று ஒருவர் கேட்டார்.

“கெடையாது. வருஷம் முடியல. கடைசி நாள் குடிச்சான். விதி விதிதான்” என்றார் காமாதா. பேரேட்டைத் திறந்தார், கோட்டையும் அதன்கீழ் இருந்த ஒன்றையும் அடித்தார். “ஆனா இது தப்பு. முன்னூத்து அம்பத்து மூணு இல்ல. முன்னூத்து அறுபத்து ரெண்டு.”

“கண்ணாடில அறுபத்து மூணுன்னு எழுதியிருந்தாரே” என்றார் கினுயே.

“அது காலைல எழுதினது. மத்தியானம் குடிச்சான். அறுபத்து மூணுன்னு நான் எழுதினா அவனே ஒத்துக்க மாட்டான், வீட்டம்மா. அவன் பொய் சொல்றவன் இல்ல.”

அச்சொல்லைக் கேட்கவேண்டியவர் அங்கே இல்லை.

ஆறு திங்கள் கழித்துச் சதாயோ இப்பிரிவுக்குத் திரும்பி, மீண்டும் கடைநிலைச் செவிலியராய்ப் படுக்கை விரித்தார். தலைமைப் பதவி வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள்ளேயே, பதவியின்றியே, இப்பிரிவின் நடைமுறைகள் இரண்டை மாற்றிவிட்டார். ஒன்று, நீர்மருந்து எக்காரணம் பற்றியும் உறவினர் கையில் தரப்படுவதில்லை. காலை எட்டு மணிக்கு மருந்து மேடையில், அதன் பெயரையும் செயலையும் செவிலியர் உரக்கச் சொல்ல, நோயர் “தெரிஞ்சுதான் குடிக்கறேன்” என்று தம் வாயாற் சொல்லித் தம் கையாற் பருகவேண்டும். வேண்டாம் என்பவர்க்கு வற்புறுத்தல் இல்லை. வேறு வழிகள் பேசப்படும். மற்றொன்று, ‘நான் குடிக்கல’ என்று எவர் சொன்னாலும், அச்சொற்களை அவ்வாறே ஏட்டில் எழுதி, சோதனை பொய்யென்று காட்டும்வரை அல்ல, காட்டிய பின்னும், ‘வேறு காரணம் உண்டோ’ என்று ஒருமுறை கேட்டே தீரவேண்டும்.

இதனால் அவர் ஏமாந்ததுண்டு. தேநீர்க் குடுவையில் வெள்ளைச் சாராயம் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே பருகியவர் உண்டு. தூக்கமாத்திரைகளைக் காலுறையில் மறைத்து அழுது சத்தியம் செய்தவர் உண்டு. நாங்கள் கேலி செய்தால், “ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். அதுக்காக ஒருத்தரும் சாகறதில்ல” என்பார். வேட்கையைத் தணிக்கும் புது மருந்துகள் வந்தபோது முதலிற் படித்தவர் அவரே. ஊக்கப்பொடிக்கும் மருந்துக்கடை மாத்திரைக்கும் அடிமைப்பட்ட இளையோர், காவலருக்கு அஞ்சி வாயிலிலேயே திரும்பிப் போவதைக் கண்டு, “இது காவல் நிலையம் இல்ல, உள்ள வாங்க” என்று பனியிற் பின்னே ஓடியவரும் அவரே. கம்பிகளை அகற்றச் சொல்லி எழுதிய விண்ணப்பங்கள் எட்டு, எட்டாவது ஏற்கப்பட்டது.

அச்சத்தோடு வரும் மனைவியர்க்கு மருந்துப் புட்டியை மறுத்தவர், வெறுங்கையராய் அனுப்பிவிடவில்லை. அடிபடும் பெண்கள் அன்றே தங்கத்தக்க இல்லங்களின் எண்களைத் தம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பலரைத் தாமே கொண்டுபோய் விட்டார். இரண்டாம் சனிக்கிழமைதோறும் கூடும் குடும்பத்தார் வட்டத்தில், கோணல் தோளோடு ஒருவர் கடைசி நாற்காலியில் இருபத்தெட்டு ஆண்டுகளாய் அமர்ந்து வருகிறார். புதிதாய் வரும் எவளேனும் தணிந்த குரலில் அதே வினாவைக் கேட்டால், சதாயோ விடை சொல்வதில்லை. கடைசி நாற்காலியருகே அவளை அமர்த்துவார். பிறகு இருவருமாய் இக்கதையைச் சொல்வர்.

வெற்றிகளை அடுக்க நாங்கள் முனையவில்லை. சென்ற ஆண்டு மட்டும் இங்கிருந்து நலமென்று அனுப்பப்பட்டோருள் பதினொருவர் இறந்தனர். பதினொரு வீடுகளுக்கும் சதாயோ அம்மையார் சென்றார். அங்கெல்லாம் எவரேனும் நன்றி சொன்னால், அவர் தலைகுனிவது வணக்கத்தால் மட்டும் அன்று என்பதை இன்று இந்த அவை அறிந்திருக்கும்.

அம்மையீர்! இனித் தங்களை நேரே விளிக்கின்றோம், பொறுத்தருள்க.

தாங்கள் விரும்பியவாறே, இம்மடல் தங்கள் இல்லத்துச் சுவருக்கன்று; வடக்கு மூன்றின் மருந்து மேடையருகே, எய்சாகுவின் கடையிலிருந்து வந்து இன்று எங்கள் நோயர் முகம் மழிக்கும் அக்கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டப்படும். நாளைக் காலை எட்டு மணிக்குத் தங்கள் இடத்தில் வேறொருவர் நின்று மருந்தின் பெயரை உரக்கச் சொல்வார். குரல் தயங்கினால், இதைப் பார்த்துக்கொள்வார்.

மறந்து மகிழ்ந்திருங்கள் என்று தங்களை வாழ்த்தோம். அவ்வாழ்த்தைத் தாங்கள் ஏற்கமாட்டீர்கள். பனியை வாரும் முதுகில் வலியின்றி, படியேறும் காலில் தளர்வின்றி, உண்ட சோறு செரித்து, கொண்ட துயில் கலையாமல், நினைவு நினைவாகவே நிலைத்திருக்க, நூறாண்டு நலத்தோடு வாழ்க! சொல்லாது விட்டதைச் சொல்லிச் சொல்லியே பிறரைக் காத்த தங்கள் நா, நெடுங்காலம் சொல்லிக்கொண்டே இருக்க!

இங்ஙனம்,

வடக்கு மூன்றாம் பிரிவின்
செவிலியர், மருத்துவர், பணியாளர் அனைவரும்

மற்றும்,

ருசி தெரியுமா என்று கேட்டவள்,
தொகாஷி கினுயே